பன்னிரண்டு ஆண்டு சர்க்கரை நோய்: அப்பா எடுக்கும் சத்து மாத்திரைகளில் எவற்றைத் தொடரலாம்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 64. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முட்டைகூடச் சாப்பிடாத சைவ உணவுக்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுத்து வருகிறார். இப்போது அதன் அளவு நாளொன்றுக்கு 2000 மி.கி. அதனுடன் கிளிமிபிரைடும் இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் உண்டு. அண்மைப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.8, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 என்று வந்தது. சில மாதங்களாக இரு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் இருப்பதாகச் சொல்கிறார்.

ஆள் சேர்த்து விற்கும் நிறுவனம் ஒன்றில் முகவராக இருக்கும் உறவினர் ஒருவர், இவற்றைத் தொடர்ந்து எடுத்தால் ஓராண்டில் சர்க்கரை மாத்திரையே தேவைப்படாது என்று கூறி ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பல்சத்து மாத்திரை, மீன் எண்ணெய் (மருந்து என்று நினைத்து இதை மட்டும் ஏற்றுக்கொண்டார்), சுருள்பாசி மாத்திரை, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், பெயர் மட்டும் அச்சிட்ட ‘சர்க்கரைக் கட்டுப்பாட்டுப் பொடி’ ஆகியவை அந்தப் பையில் இருக்கின்றன. இவை போக, முன்பொரு மருத்துவர் எழுதிக் கொடுத்த 60,000 அலகு வைட்டமின் டி மாத்திரையையும் வாரந்தோறும் நிறுத்தாமல் எடுத்து வருகிறார். அடுத்த மாதம் முதல் மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைக்கப் போவதாகச் சொல்வதுதான் என்னை அச்சுறுத்துகிறது. அவரிடம் வெறுமனே ‘வேண்டாம்’ என்றால் கேட்கமாட்டார். காரணம் சொன்னால் கேட்பார். ஒவ்வொன்றையும் பற்றி அறிந்தவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

மருந்துமேசை எழுதியது:

வணக்கம். நான் மருந்தாளுநர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து வருகிறேன். நீங்கள் எழுதிய பட்டியலில் இருப்பவற்றைக் காட்டிலும், அதில் இல்லாத ஒன்றுதான் என் கண்ணில் முதலில் பட்டது. உங்கள் தந்தைக்கு வைட்டமின் பி12 அளவை யாராவது எப்போதாவது பார்த்திருக்கிறார்களா?

மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் பங்கேற்பாளர்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், மெட்ஃபார்மின் எடுக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் பி12 குறைபாட்டின் வாய்ப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு கூடுவதாகக் கண்டார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதற்கெனவே மருத்துவர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. உங்கள் தந்தை பன்னிரண்டு ஆண்டுகள் இம்மருந்தை எடுத்திருக்கிறார், முழு அளவில் எடுக்கிறார், அதற்கு மேல் சைவ உணவுக்காரர். தாவர உணவில் பி12 கிடையாது. பாலிலும் தயிரிலும் கிடைக்கும் சிறிதளவுதான் அவருக்கு வழி. அதையும் மருந்து தடுக்கிறது.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பி12 குறைந்தாலும் பாதம் எரியும், மதமதக்கும். நெடுநாள் சர்க்கரையாலும் அதுவே நேரும். அறிகுறி ஒன்றாக இருப்பதால், ‘சர்க்கரை நரம்புக் கோளாறு’ என்று முடிவு கட்டி எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது உண்டு. சர்க்கரையால் கெட்ட நரம்பை மீட்பது கடினம். பி12 குறைவால் கெட்டிருந்தால், நேரத்தோடு கண்டுபிடித்துக் கொடுக்கும்போது பெரும்பாலும் தேறும். காலம் தாழ்ந்தால் நிரந்தரமாகிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல்சத்து மாத்திரைகளில் ஃபோலிக் அமிலம் இருக்கும். அது பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புச் சேதமோ உள்ளே தொடரும். ஆகவே ‘இரத்தம் நன்றாக இருக்கிறது’ என்ற முடிவை மட்டும் நம்பக் கூடாது.

சுருள்பாசியில் பி12 நிறைந்திருப்பதாக அந்த உறவினர் சொல்லியிருப்பார். அதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதை நம்பி இருப்பது, சாப்பிடாமல் இருப்பதைவிடக் கெடுதல். ஏனெனில் தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்யும்.

குறைவு உறுதியானால் மருத்துவர் ஊசியாகவோ, 1000 மைக்ரோகிராம் அல்லது அதை ஒட்டிய அளவில் மாத்திரையாகவோ கொடுப்பார். நமக்கு நாளொன்றுக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம்தான் என்றாலும், மாத்திரையில் இவ்வளவு வைப்பதற்குக் காரணம் உண்டு: வழக்கமான உறிஞ்சும் வழி அடைபட்டிருந்தாலும் நூற்றில் ஒரு பங்கு அளவு தானாகவே இரத்தத்தில் கசிந்து சேர்ந்துவிடும்.

நாட்டுநலம் எழுதியது:

மருந்துமேசை ஐயா பி12 பற்றி எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இத்தகைய உரையாடல்களில் மற்ற எல்லாச் சத்து மாத்திரைகளையும் ஒட்டுமொத்தமாக வீண் என்று தள்ளிவிடும் போக்கு எனக்கு வருத்தம் தருகிறது. காப்புரிமை பெற முடியாத பொருள்களில் ஆய்வு செய்யப் பெரிய நிறுவனங்கள் முன்வருவதில்லை என்பது உண்மைதானே? இத்தாலியில் மாரடைப்பிலிருந்து மீண்ட 11,324 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 1 கிராம் ஒமேகா-3 (மீன் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம்) எடுத்தவர்களிடையே இறப்பு குறைந்தது. வைட்டமின் டி பற்றியும் 2023இல் மூன்று ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைந்தது. நோயாளி தன் உடலுக்குத் தானே எதையேனும் செய்ய விரும்பும்போது அந்த முனைப்பை நாம் ஏன் முறிக்க வேண்டும்?

என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம் இருந்தபோது, மருத்துவரின் மேற்பார்வையில் கால்சியமும் வைட்டமின் டியும் எடுத்து நல்ல பயன் கண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வார்டுஎண்ஏழு எழுதியது:

நான் பொது மருத்துவத்தில் பணிபுரிகிறேன். நாட்டுநலம் அவர்கள் குறிப்பிட்ட இரண்டு ஆய்வுகளும் உண்மையானவை. அவற்றைப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் அவை யாரிடம் நடந்தன, எப்போது நடந்தன என்பதைப் பார்க்காவிட்டால் பொருநைக்கரையின் தந்தைக்கு அவற்றைப் பொருத்திவிடுவோம்.

இத்தாலிய ஆய்வு நடந்த காலத்தில் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகள் இன்றுபோல் பரவலாகவில்லை. இன்றைய சிகிச்சை பெறும் சர்க்கரை நோயாளிகளிடம் அதே 1 கிராம் மீன் எண்ணெய் என்ன செய்கிறது என்பதை அறிய, பிரிட்டனில் 15,480 பேரிடம் ஆஸ்செண்ட் என்ற ஆய்வை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்த பிறகு, கடுமையான இதய, இரத்தக்குழாய்ப் பாதிப்பு மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கும் ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களில் 9.2 விழுக்காட்டினருக்கும் வந்தது. பயன் இல்லை என்றே அதைப் படிக்க வேண்டும். அதே ஆண்டில் வெளியான, அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த வைட்டல் ஆய்வில், 2000 அலகு வைட்டமின் டி மாரடைப்பையோ பக்கவாதத்தையோ புற்றுநோய் வருவதையோ குறைக்கவில்லை.

மருந்தாகத் தயாரித்த, தூய்மைப்படுத்திய இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 வகையை நாளொன்றுக்கு 4 கிராம் கொடுத்த இன்னோர் ஆய்வில் இதயப் பாதிப்பு 25 விழுக்காடு குறைந்தது என்பதும் உண்மை. அந்த ஆய்வு, ஸ்டேட்டின் எடுத்தும் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு உயர்ந்திருந்தவர்களிடம் நடந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே கெடுதல் செய்து பயனைக் கூட்டிக் காட்டியதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் கோளாறும் மருந்து எடுத்தவர்களிடம் கூடியது. கடையில் விற்கும் சாதாரண 1000 மி.கி. மீன் எண்ணெய் கேப்சூலின் பின்புறத்தைப் படித்தால் இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120 என்று இருக்கும். அதாவது உண்மையான ஒமேகா-3 வெறும் 300 மி.கி. ஆய்வில் பயன் கண்ட பொருளும் இதுவும் ஒன்றல்ல. சைவராக வாழ்ந்த ஒருவர் மனத்தை ஒடுக்கிக்கொண்டு இதை விழுங்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வைட்டமின் டி குறித்த 2023 தொகுப்பு, இன்னும் நோய் வராதவர்களைப் பற்றியது. அதில் சேர்ந்த மூன்று ஆய்வுகளில் பெரியது, 2,423 பேரிடம் நாளொன்றுக்கு 4000 அலகு கொடுத்துப் பார்த்தது. தனியாக எடுத்துப் பார்த்தால், மருந்துக் குழுவில் 293 பேருக்கும் மற்றக் குழுவில் 323 பேருக்கும் நோய் வந்தது. தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதாக இல்லை. எப்படியாயினும் பன்னிரண்டு ஆண்டு நோயாளிக்கு இதில் செய்தி ஏதும் இல்லை.

நாட்டுநலம் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். முனைப்பை ஏன் முறிக்க வேண்டும் என்கிறீர்கள். தீங்கில்லை என்று நினைத்துக் கொடுத்தவை உயிரைப் பறித்த வரலாறு நம்முன் இருப்பதால்தான். காய்கனி நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைக் கண்டு, அவற்றிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். அமெரிக்காவில் புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேரிடம் நடந்த ஆய்வை 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்தினார்கள். அங்கே 28 விழுக்காடு அதிகம். வைட்டமின் ஈ மாத்திரை ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயை 17 விழுக்காடு கூட்டியதை 2011இல் அறிந்தோம். இவற்றைத் தொடங்கிய அறிஞர்கள் அனைவரும் நல்லெண்ணம் கொண்டவர்கள். காய்கனி சாப்பிடுபவர்கள் பொதுவாகக் குறைவாகப் புகைப்பார்கள், அதிகம் நடப்பார்கள், நோயை முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டிக்கொள்வார்கள். அந்த நலத்தை எல்லாம் ஒரு மூலக்கூறின் கணக்கில் எழுதியதே பிழை.

பொருநைக்கரை எழுதியது:

இத்தனை விரிவாக எழுதியதற்கு நெஞ்சார்ந்த நன்றி. பீட்டா கரோட்டின் பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். வைட்டமின் டி, மஞ்சள், அந்தப் பொடி ஆகிய மூன்றையும் பற்றி யாரேனும் சொல்ல முடியுமா? அவருக்கு அண்மையில் தாகமும் மலச்சிக்கலும் கூடியிருக்கின்றன. சர்க்கரை ஏறியதால் என்று நினைத்திருந்தோம்.

மருந்துமேசை எழுதியது:

தாகமும் மலச்சிக்கலும் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் உடனே பதில் எழுதத் தோன்றியது. 60,000 அலகு மாத்திரையைக் குறைபாடு உள்ளவர்களுக்கு வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் எட்டு வாரங்கள் கொடுத்து, பிறகு மாதம் ஒன்றாகக் குறைப்பதோ நிறுத்துவதோ வழக்கம். வாரந்தோறும் முடிவின்றி எடுத்தால் நாளொன்றுக்கு 8,500 அலகுக்கு மேல் ஆகிறது. பெரியவர்கள் கண்காணிப்பின்றி எடுக்கத்தக்க உச்சவரம்பாக அமெரிக்க அறிஞர் குழு வகுத்தது 4,000 அலகு. இச்சத்து கொழுப்பில் கரைந்து உடலில் தங்குவது. மிகுந்துவிட்டால் இரத்தத்தில் கால்சியம் ஏறும். அதன் அறிகுறிகள் தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், சோர்வு. முதல் இரண்டும் சர்க்கரை ஏறியதைப் போலவே தோன்றும் என்பதால் வீட்டில் யாருக்கும் ஐயம் வராது. ஏறிய கால்சியம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அவருடைய கிரியேட்டினினோ ஏற்கெனவே 1.5. அம்மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்து, இரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அது காரணமாக இல்லாமலும் போகலாம், பார்த்துவிடுவதே முறை.

மஞ்சளைப் பொறுத்தவரை, குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் இயல்பாக நம் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் இரத்தத்தில் அதன் அளவு பன்மடங்கு உயரும் என்பதைப் பெங்களூரில் நடந்த ஆய்வொன்று 1998இல் காட்டியது; அதைத்தான் இந்தக் கேப்சூல்கள் பயன்படுத்துகின்றன. ஆனால் செறிவாகி உள்ளே போகும் மஞ்சள், சமையல் மஞ்சளைப் போல் நடந்துகொள்வதில்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இத்தகைய மாத்திரைகளால் கல்லீரல் அழற்சி வந்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். குறிப்பிட்ட மரபுக்கூறு உள்ளவர்களுக்கு அது அதிகமாக வருகிறது. சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் கட்டுப்பாடின்றிக் குடித்தவர்களுக்கும் மும்பையில் கல்லீரல் பாதிப்பு பதிவானது. நாட்டு மருந்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. செடியிலிருந்து வந்தாலும் அளவு மிகுந்தால் அது மருந்துதான், மருந்துக்குரிய கவனம் அதற்கும் வேண்டும்.

அந்தப் பொடியைத் தூக்கி எறியச் சொல்வதற்கு எனக்குத் தயக்கமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடாத பொருள் சர்க்கரையை உண்மையாகவே குறைத்தால் இன்னும் அதிகமாக அஞ்ச வேண்டும். 2008இல் சிங்கப்பூரில், ஆண்மை ஊக்கி என்ற பெயரில் விற்ற பொருள்களில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சர்க்கரை அடியோடு தாழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். உங்கள் தந்தை கிளிமிபிரைடும் எடுக்கிறார். அதே குடும்பத்து மருந்து பொடியிலும் இருந்துவிட்டால் இரவில் மயங்கி விழ நேரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று சோடியம் குறைத்த உப்பை யாராவது பரிந்துரைக்கக் கூடும். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சீனச் சிற்றூர்களில் நடந்த பெரிய ஆய்வில் அவ்வுப்பு பக்கவாதத்தை 14 விழுக்காடு குறைத்தது. ஆனால் அங்கே கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. டெல்மிசார்ட்டான் எடுப்பவருக்கு, சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குலைக்கும். மருத்துவரைக் கேட்காமல் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

வார்டுஎண்ஏழு எழுதியது:

மருந்துமேசை ஐயா எழுதியதுடன் ஒரு வரி சேர்க்கிறேன். மெட்ஃபார்மின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் அதைப் பொடியை நம்பி முடிவு செய்யக் கூடாது. சிறுநீரக வடிகட்டும் திறன் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதும் 30க்குக் கீழே நிறுத்துவதும் நடைமுறை. 64 வயது ஆணுக்கு 1.5 என்றால் அத்திறன் ஏறத்தாழ 50 இருக்கும். ஆகவே கண்காணிப்பு இன்றியமையாதது.

சிறுதானியம் எழுதியது:

நான் உணவியல் ஆலோசகர். எடுக்கக் கூடாதவற்றையே பேசிக்கொண்டிருந்தால் அப்பாவின் கையில் எதுவும் மிஞ்சாது. வெறுங்கையோடு இருப்பவரிடம்தான் அந்த உறவினர் மீண்டும் பையோடு வருவார்.

அவருக்கு நான் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு துணைப்பொருள் உண்டு: இசப்கோல் உமி. வட குஜராத்தில் விளைந்து உலகெங்கும் போகிறது. அதன் கரையும் நார்ச்சத்து கெட்ட கொழுப்பை மிதமாகக் குறைக்கிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இலேயே இதய நலம் குறித்த குறிப்பை அதன் உறையில் அச்சிட அனுமதித்தது. உணவுக்கு முன் எடுத்தால் சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையையும் ஓரளவு மட்டுப்படுத்தும். நிறையத் தண்ணீருடன் குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மலச்சிக்கலின் காரணத்தை முதலில் அறிந்துகொண்டு பிறகு தொடங்குங்கள். வெந்தயத்திலும் இதே வகை நார் உண்டு. அதை உணவாகச் சேர்க்கலாம், மருந்துக்கு மாற்றாக அல்ல.

தடுப்பைப் பற்றிப் பேசுவதானால், சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வை நம் மக்கள் அனைவரும் அறிய வேண்டும். மூன்றாண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. எந்த வைட்டமின் மாத்திரையும் இவ்வளவு குறைத்ததாக நான் படித்ததில்லை. அதே வீட்டில் வளரும் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தாருக்கும் இது பொருந்தும்.

நாட்டுநலம் எழுதியது:

வைட்டமின் டி பற்றிய எச்சரிக்கையும் அந்தப் பொடி பற்றிய கருத்தும் முற்றிலும் சரி. ஒன்றில் மட்டும் என் நிலையை விட்டுக்கொடுக்க மாட்டேன். நோய் வந்தபின் சத்து மாத்திரை எதுவும் உதவாது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வயதால் வரும் விழித்திரை மையச் சிதைவில், துத்தநாகம், வைட்டமின் சி, ஈ முதலியவற்றைச் சேர்த்த கலவை, நோய் முற்றும் வாய்ப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்ததை 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு நிறுவியது. புகைத்தவர்களின் நலன் கருதி, பின்னர் அதில் பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக லூட்டினைச் சேர்த்தார்கள்.

வார்டுஎண்ஏழு எழுதியது:

மிகச் சரியான எடுத்துக்காட்டு. இடைநிலையில் இருக்கும் அந்த ஒரு கண்நோய்க்கு, அந்த ஒரு கலவை, அந்த அளவில் உதவுகிறது. பெயரில் ‘விழித்திரை’ இருப்பதால் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்புக்கும் அதையே வாங்கிச் சாப்பிடுபவர்களைப் பார்க்கிறேன். அதற்கு இக்கலவை சிகிச்சை அன்று. ஆண்டுக்கொரு முறை கண் பாவையை விரித்துப் பார்க்கும் பரிசோதனையே அவர்களுக்குத் தேவை.

பொருநைக்கரை எழுதியது:

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பி12 மிகவும் தாழ்ந்திருக்கிறது, ஊசி தொடங்கிவிட்டார்கள். கால்சியம் வரம்பைச் சற்றுத் தாண்டியிருக்கிறது. வைட்டமின் டியை நிறுத்தச் சொல்லி, சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மெட்ஃபார்மின் அளவை அவரே முடிவு செய்வதாகவும், அதுவரை குறைக்கக் கூடாது என்றும் அப்பாவிடம் நேரடியாகச் சொன்னார். பையில் இருந்தவற்றில் எதையும் தொடர வேண்டாம் என்றார். உறவினரிடம் அப்பாவே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மருந்துமேசை ஐயாவிடம் ஒரு கேள்வி. அம்மா தைராய்டுக்குத் தைராக்சின் எடுக்கிறார். காலையில் எழுந்ததும் அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகவே விழுங்குகிறார். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் என்ற வைட்டமினும் எடுக்கிறார். இதில் ஏதேனும் தவறு உண்டா?

மருந்துமேசை எழுதியது:

உண்டு. கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினைக் குடலிலேயே பற்றிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்துவிடும். தைராக்சினை வெறும் வயிற்றில் எடுக்கட்டும். கால்சியத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு, மதிய உணவோடு எடுக்கட்டும். இப்படி மாற்றினால் தைராக்சின் கூடுதலாக உள்ளே போகும் என்பதால், ஆறு முதல் எட்டு வாரங்களில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவைப் பார்த்து மருந்தளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள். அது உடலில் இருந்தால் சில ஆய்வுக்கூடக் கருவிகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் அதுபோலவே தவறாகக் காட்டக்கூடும். அம்மா எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரத்தம் எடுக்கும் இடத்திலும் மருத்துவரிடமும் காட்டச் சொல்லுங்கள்.